மூன்று களம் போதும் டீச்சர், பெட்டிக்காரரைத் திருப்பி அனுப்புங்கள்

கேள்வி: எங்களுடையது ஈராசிரியர் பள்ளி, மொத்தமே 28 பிள்ளைகள். ஒன்று, இரண்டு, மூன்றாம் வகுப்புப் பிள்ளைகள் 19 பேர் என்னோடு ஒரே அறையில். தமிழுக்கு 90 நிமிடம். களம் களமாக, அதாவது அறையில் இடம் இடமாகப் பிரித்து ஒவ்வொன்றிலும் ஒரு வேலை கொடுத்து, உட்கார வைத்தால் ஒரே கூச்சல். 6,500 ரூபாய்க்குக் கற்றல் பொருள் பெட்டி வாங்கினால் சரியாகிவிடும் என்கிறார் ஒருவர். வாங்கலாமா?

பதில்: வாங்காதீர்கள். தெரியாத வேலையைக் கொடுத்து உட்கார வைத்தால் பிள்ளை "இது என்ன டீச்சர்?" என்று எழுந்து வரத்தான் செய்யும், பத்தொன்பது பேரும் அப்படி வந்தால் அதுதான் நீங்கள் சொல்லும் கூச்சல். களத்தில் புதுசாக எதையும் கற்றுக்கொடுக்கக் கூடாது, ஏற்கெனவே தெரிந்ததைப் பழகுவதற்குத்தான் அது. புதுசு எல்லாம் நீங்கள் ஒரு குழுவோடு உட்காரும் பாயில்.

முதல் 20 நிமிடம் எல்லோரும் சேர்ந்து பாட்டும் கதையும். அடுத்த 60 நிமிடம் அரும்பு, மொட்டு, மலர் என்று கற்ற அளவை வைத்துப் பிரித்த மூன்று குழுவும் (அரும்பு தொடக்க நிலை, மலர் மேல் நிலை) இருபது இருபது நிமிடமாகச் சுற்றி வரட்டும்: ஒன்று உங்களோடு, ஒன்று கைவேலையில், ஒன்று ஜோடி ஜோடியாகப் புத்தகத்தோடு. எழுத்தே தெரியாத அரும்பு படம் பார்த்துக் கதை சொன்னாலும் போதும். மிச்சம் 10 நிமிடம் எடுத்ததை எடுத்த இடத்தில் வைக்க. முதல் இரண்டு வாரம் இந்தச் சுற்றையும் எடுத்து வைப்பதையும் மட்டும் பழக்குங்கள், பாடம் ஓடாவிட்டால் பரவாயில்லை.

கைவேலைக்கு என்ன? அரும்புக்குத் தரையில் சாக்பீஸால் எழுதிய எழுத்தின் மேல் புளியங்கொட்டை அடுக்குவது. மொட்டுக்கு, பழைய கல்யாணப் பத்திரிகையில் ஜன்னல் வெட்டி, க, ச, ட, ப எழுதிய பட்டையை உள்ளே நகர்த்துவது. ஜன்னலுக்கு முன்னால் கொம்பு, பின்னால் கால். கொம்பு முன்னால் நிற்கிறது, ஓசையோ பின்னால் வருகிறது, கெ, கே, கொ என்று பிள்ளைகள் தடுக்கி விழுவது அங்கேதான், விலை கொடுத்து வாங்கும் பளபள அட்டையில் எழுத்து நகரவே நகராது. மலருக்கு ஒரு படம், அதைப் பற்றி மூன்று வரி.

இப்போது பெட்டிக்காரர். முப்பது பிள்ளைகள் வரை உள்ள பள்ளிக்கு வருடத்துக்கு வரும் மானியமே 10,000 ரூபாய், அதிலும் பத்தில் ஒரு பங்கு சுகாதாரத்துக்குப் போகும். மிச்சம் 9,000-இல் இவருக்கு 6,500. "மேலே சொல்லிவிட்டார்கள், பக்கத்துப் பள்ளியில் வாங்கிவிட்டார்கள்" என்பார். எழுத்தில் உத்தரவு கேளுங்கள், பள்ளி மேலாண்மைக் குழுவில் தீர்மானம் வேண்டும் என்று சொல்லுங்கள், பேச்சு அங்கேயே மாறும். எழுத்தை ஒலி வழியாகக் கற்பிக்கும் ஃபோனிக்ஸ் முறைக்குச் சான்றிதழ் விற்க வருகிறவர்களும் இதே ரகம்தான். 2007-இல், பிள்ளைகள் அட்டைகளை வைத்துத் தாங்களே படிக்கும் செயல்வழிக் கற்றல் மாநிலம் முழுக்க வந்தபோது அட்டைகள் கிழிந்தால் தணிக்கையில் மாட்டுவோமே என்று பீரோவில் வைத்துப் பூட்டிய பள்ளிகளை என் கண்ணால் பார்த்திருக்கிறேன். 2022-இல், சின்ன வகுப்புகளுக்கு எழுத்தும் கணக்கும் பழக்கும் அரசின் 'எண்ணும் எழுத்தும்' திட்டம் வந்தபிறகும் பார்வைக்கு வருகிறவர் அண்ணாந்து தோரணத்தை எண்ணிவிட்டுப் போகிறார், பிள்ளைகளின் நிலையைப் பதியும் செயலியில் மதிப்பீடு ஏறிவிட்டதா என்று கேட்கிறார், எந்தப் பிள்ளை எந்த எழுத்தில் நிற்கிறது என்று கேட்கிற ஆளைக் காணோம்.

ஒரே ஒரு விதிவிலக்கு. செங்கல் சூளைக்கு வந்த ஒடியாக் குடும்பத்துப் பிள்ளை உங்கள் அறையில் இருந்தால் மேலே சொன்னது அதற்குப் பொருந்தாது. அந்தப் பிள்ளைக்குத் தெரியாதது எழுத்து இல்லை, மொழி. புளியங்கொட்டையால் 'ப' அழகாக அடுக்கும், 'படி' என்றால் என்னவென்று தெரியாது. அரும்பிலேயே மூன்று வருடமும் உட்கார வைத்துவிடாதீர்கள், நிறையப் பேர் அதைத்தான் செய்கிறார்கள். ஜோடி வாசிப்பில் வாயாடிப் பிள்ளையாகப் பார்த்துப் பக்கத்தில் போடுங்கள். கதை நேரத்தில் முன்வரிசை. சோறு, தண்ணீர், செருப்பு, மழை என்று கண்ணெதிரே இருக்கிற பொருளைக் காட்டி முதலில் பேச்சு வரட்டும், அந்தச் சொற்களிலிருந்தே எழுத்தை எடுங்கள். ஒடியாவில் அதற்கு என்ன பேர் என்று திருப்பிக் கேளுங்கள், வகுப்பே சேர்ந்து சொல்லிப் பார்க்கும். அதுவரை செயலி அந்தப் பிள்ளையை அரும்பு என்றே காட்டும், காட்டட்டும்.