டெஸ்டிங்கை வெளியில குடுக்கறோம், எவ்ளோ எடுத்து வைக்கணும்?

கேள்வி: நாங்க சின்ன டீம். ஒரு மொபைல் ஆப், அதோட ஒரு வெப்சைட் பண்ணிட்டு இருக்கோம். டெஸ்டிங்கை மட்டும் வெளி கம்பெனிக்கு குடுக்கலாம்னு மூணு பேர்கிட்ட கொட்டேஷன் வாங்கினோம். ஒருத்தரோட ரேட் மத்தவங்க சொன்னதுல பாதிதான். அதை வச்சே பட்ஜெட் போட்டுடலாமா?

பதில்: அவசரப்படாதீங்க. அவர் ஏமாத்தறார்னு சொல்லல, எத்தனை ரவுண்டு டெஸ்டிங்குக்கு சொல்லியிருக்கார்னு முதல்ல கேளுங்க. 300 டெஸ்ட் கேஸ், அதாவது இதை இப்படி செஞ்சா இது நடக்கணும்னு எழுதி வச்ச சோதனை, இருக்குன்னு வைங்க, ஒருத்தர் ஒரு நாளைக்கு 30 ஓட்டினா 10 நாள், கொட்டேஷன்ல பெரும்பாலும் இந்த 10 நாள்தான் இருக்கும். ஆனா அவங்க பக், அதாவது ஆப்ல இருக்கற கோளாறு, கண்டுபிடிச்சு எழுதிக் குடுப்பாங்க, உங்க டெவலப்பர் சரி பண்ணுவார், நிஜமாவே சரியாச்சான்னு ரீடெஸ்ட் பண்ணணும், அதை சரி பண்ணப்போய் இன்னொண்ணை உடைச்சு வச்சிருக்காரான்னு பழைய கேஸையும் மறுபடி ஓட்டற ரிக்ரெஷன் பண்ணணும், அதுல நாலு பக் மறுபடி ஓப்பன் ஆகும். அடுத்த ரெண்டு ரவுண்டுல பாதி கேஸ் மட்டும் ஓட்டினாலே 10 நாள் 20 ஆயிடுது. இது ஒரே ஒரு ரிலீஸுக்கு, ஒரே போன்ல. ஆண்ட்ராய்டு, ஐபோன் ரெண்டுலயும் பாக்கணும்னா நீங்களே கணக்கு போட்டுக்கோங்க.

உங்க பக்கத்து செலவை யாரும் கொட்டேஷன்ல எழுத மாட்டாங்க. ஆப் எப்படி வேலை செய்யுதுன்னு ஆரம்பத்துல அவங்களுக்கு சொல்லிக் குடுக்கணும், தனியா ஒரு டெஸ்ட் சர்வர் வேணும், கஸ்டமர் பேரு நம்பர் எல்லாம் மறைச்ச டேட்டா வேணும், தினமும் வர்ற பக்ல எது நிஜம் எது டூப்ளிகேட்னு பிரிக்க உங்க ஆள் ஒருத்தர் உக்காரணும். அவரோட நேரமும் காசுதான்.

ஸ்கிரீன் வாராவாரம் மாறுதுன்னா ஃபிக்ஸட் பிரைஸ் வேண்டாம், ஒவ்வொரு மாத்தத்துக்கும் சேஞ்ச் ரிக்வெஸ்ட்னு தனி பில் வரும். மணிக்கணக்குக்கு போங்க, ஆனா மாசத்துக்கு இதுக்கு மேல போகக்கூடாதுன்னு ஒரு உச்சவரம்பு போட்டுடுங்க.

ஆட்டோமேஷன் பண்ணிட்டா, அதாவது ஆளுக்கு பதிலா ஸ்கிரிப்ட்ங்கற சின்ன புரோகிராம் டெஸ்ட்டை ஓட்டினா, செலவு கொறையும்னு கண்டிப்பா சொல்வாங்க. அதுக்கான டூல்ஸ் செலீனியம், பிளேரைட், ஆப்பியம் எல்லாம் ஓப்பன் சோர்ஸ், லைசென்ஸுக்கு காசு இல்ல, சரிதான். ஆனா லாகின் பட்டனுக்கு கோட்ல வச்ச ஐடியை உங்க டெவலப்பர் மாத்தினார்னா போதும், லாகின் பண்ற அத்தனை ஸ்கிரிப்ட்டும் காலைல ஃபெயில்னு செவப்பா நிக்கும், ஆப்ல ஒரு கோளாறும் இருக்காது. அதை சரி பண்ற ஆளுக்கு மாசாமாசம் குடுக்கணும். லாகின், பேமெண்ட் மாதிரி ஒவ்வொரு ரிலீஸுக்கும் ஓட்டற விஷயத்தை மட்டும் ஆட்டோமேட் பண்ணுங்க, மத்தது கையாலயே போகட்டும்.

கேள்வி: பேசாம ஒரு பக்குக்கு இவ்ளோன்னு பேசிக்கலாமா? கண்டுபிடிச்சாதான காசு?

பதில்: ஐயோ, வேண்டவே வேண்டாங்க. லோகோ ரெண்டு பிக்ஸல் தள்ளி இருக்குன்னு ஒரு டிக்கெட், அதாவது ஒரு பக் புகார், வரும், ஒரே காரணத்தால வர்ற அஞ்சு எரர் அஞ்சு டிக்கெட்டா வரும். பணம் கட்டும்போது நெட் கட்டானா ரெண்டு தடவை டெபிட் ஆகுதே, அதை மறுபடி வரவழைச்சு பாக்கவே அரை நாள் ஆகும், அதுக்கு யார் மெனக்கெடுவா? ரிலீஸ் கணக்குல குடுங்க, ஒரு பங்கை கடைசி ரவுண்டு முடியறவரைக்கும் நிறுத்தி வைங்க. டெஸ்ட் கேஸும் ஸ்கிரிப்ட்டும் முதல் நாள்லேர்ந்தே நீங்க கோட் வைக்கற உங்க ரெப்போலதான் இருக்கணும்னு அக்ரிமெண்ட்ல எழுதிடுங்க, இல்லன்னா ஆளை மாத்தும்போது எல்லாத்துக்கும் இன்னொரு தடவை காசு குடுப்பீங்க.