தே தாரிக்கை ஏன் ‘இழுக்கிறார்கள்’? வீட்டில் இஞ்சித் தே ஏன் திரிகிறது?

தே தாரிக் என்பது உயரத்திலிருந்து ஆற்றி நுரைக்கவிடும் பால் தே. ‘தாரிக்’ என்றால் மலாய் மொழியில் இழு. சரபாத் கடைக்காரர் (தேநீர்க் கடைக்காரர்) இப்படி ஆற்றிக் காட்டுவது வெறும் வித்தை இல்லை. இனிப்பு டின்பால் தண்ணீரைவிடக் கனம். அடியில் போய் உட்கார்ந்துகொள்ளும். 200 மில்லி பால் சேர்க்காத கடுந்தேநீருக்கு 2 மேசைக்கரண்டி டின்பால் விட்டு, கை எட்டும் உயரத்திலிருந்து நாலைந்து முறை ஆற்றுங்கள். பால் கலக்கும், சூடு தணியும், பால்புரதம் காற்றைப் பிடித்து நுரை நிற்கும்.

தே ஹலியாவில்தான் (இஞ்சித் தே) சிக்கல். பச்சை இஞ்சியில் பால்புரதத்தை வெட்டும் நொதி உண்டு. இஞ்சிச்சாற்றை வெதுவெதுப்பான பாலில் விட்டால் திரிந்துவிடும். (கேன்டனீஸ்காரர்கள் அதையே இனிப்பாக்கிச் சாப்பிடுகிறார்கள்!) இஞ்சியைத் தட்டி, முதலில் தண்ணீரில் 5 நிமிடம் கொதிக்கவிடுங்கள், நொதி செயலிழந்துவிடும். பால் அதற்குப் பிறகுதான்.