ஜமுக்காளம் உதறுவதும் ஊழியமா?

கேள்வி: எனக்கு வயது 54. சனிக்கிழமைதோறும் எங்கள் ஆலயத்தைப் பெருக்கி, ஜமுக்காளத்தை உதறி விரிப்பேன். திருவிருந்துப் பாத்திரங்களைத் துலக்கி வைப்பேன். படுக்கையாகிவிட்ட ஒரு பாட்டி வீட்டுக்குப் போய் வேதம் வாசித்து, தலை வாரி, நகம் வெட்டிவிட்டு வருவேன். ஸ்தோத்திரப் பண்டிகையில், ஊழியம் செய்கிறவர்கள் என்று பாடகர் குழுவுக்கும் ஓய்வுநாள் பள்ளி ஆசிரியர்களுக்கும் சால்வை போட்டார்கள். என் பெயர் வரவில்லை. "வீட்டு வேலையைக் கோவிலில் போய்ச் செய்கிறாய், இதுவா ஊழியம்?" என்கிறார் என் கணவர். எனக்குப் பேசவும் வராது, பாடவும் வராது. நான் செய்வது ஆண்டவர் கணக்கில் சேருமா?
- ஒரு சகோதரி, தூத்துக்குடி மாவட்டம்

பதில்: அன்புச் சகோதரி,

சேரும். அதில் சந்தேகமே வேண்டாம்.

பெயர் விடுபட்டது வலித்ததற்காக, 'எனக்குப் பெருமை வந்துவிட்டதோ' என்று உங்களையே குற்றப்படுத்திக்கொள்ளாதீர்கள். கூடவே இருக்கிறவர்கள் கவனிக்காமல் போனால் யாருக்கும் வலிக்கத்தான் செய்யும்.

வேதத்தில் எண்ணாகமம் நாலாம் அதிகாரத்தை நிதானமாக வாசித்துப் பாருங்கள். வெறும் பட்டியல் என்று நாம் தாண்டிப் போகிற பகுதி அது. இஸ்ரவேலர் வனாந்தரத்தில் ஆராதனைக்கு வைத்திருந்த ஆசரிப்புக் கூடாரத்தைப் பெயர்த்து எடுத்துப் போகும்போது யார் எதைச் சுமக்க வேண்டும் என்று அங்கே எழுதியிருக்கிறது. உடன்படிக்கைப் பெட்டி கோகாத் வம்சத்தாருக்கு. திரைகள் கெர்சோன் வம்சத்தாருக்கு. மெராரி வம்சத்தாருக்கு வந்ததோ பலகை, தாழ்ப்பாள், தூண், அதன் பாதம், அப்புறம் கூடாரம் அடிக்கிற முளையும் கயிறும். அந்த வேலைக்கு எண்ணப்பட்டவர்கள் 3,200 பேர். மூன்று வம்சத்தில் அதுதான் அதிகம். அவர்கள் சுமக்கிற பொருள்களைப் பேர்பேராக எண்ணச் சொல்கிறார் கர்த்தர். ஒரு முளை குறைந்தாலும் வனாந்தரக் காற்றில் கூடாரம் என்னவாகும், யோசித்துப் பாருங்கள்.

ஆனால் உங்கள் கடிதத்தில் என்னை நிறுத்தி வைத்தது அந்தப் பாட்டிதான். படுத்த படுக்கையாக இருப்பவர்களுக்கு நகம் வளர்ந்து ஓரம் மடங்கி, சதையில் குத்தும். சொறிந்தால் தோல் கிழியும். வெட்டிவிடுங்கள் என்று கேட்க அவர்களுக்குக் கூச்சமாக இருக்கும். நீங்கள் அவர் கையை மடியில் வைத்து ஒவ்வொரு விரலாக வெட்டுகிறீர்கள். வாரம் முழுக்க அவரை வேறு யார் அப்படிப் பொறுமையாகத் தொட்டிருப்பார்கள்?

டோனாவூர் உங்களுக்குத் தெரிந்த ஊர்தான். 1895இல் இந்தியாவுக்கு வந்து, பின்னால் அங்கே ஊழியம் செய்த ஏமி கார்மைக்கேல் அம்மையார், தமிழ்ப் பெண்கள் சிலரோடு ஊர் ஊராகப் போய்ச் சுவிசேஷம் சொல்லிக்கொண்டிருந்தார். 1901இலிருந்து, கோவில்களுக்கு விடப்பட இருந்த சிறு பெண்கள் அவரிடம் வந்து சேர்ந்தார்கள். பின்னால் கைக்குழந்தைகளும் வந்தன. பால் புகட்டவும் துணி அலசவும் இராத்திரி விழித்திருக்கவும் ஆள் வேண்டுமே. ஊர் ஊராகப் போவது குறைந்தது. சுவிசேஷம் சொல்ல வந்தவர்கள் ஆயா வேலையில் உட்கார்ந்துவிடலாமா என்ற கேள்வி அவருக்கே எழுந்தது. யோவான் 13ஆம் அதிகாரத்தில்தான் பதில் கண்டார். அங்கே இயேசு துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு சீஷர்களின் கால்களைக் கழுவுகிறார். அவரோடு இருந்த பொன்னம்மாள், இளம் வயதிலேயே கணவனை இழந்தவர், நெய்யூரில் குழந்தைகளைப் பார்க்கும் பொறுப்பைத் தன் தலையில் ஏற்றுக்கொண்டார். அந்தக் கைகள் செய்ததும் நீங்கள் செய்கிற வேலைதான்.

ஒன்றை மட்டும் கண்டிப்பாகச் சொல்ல வேண்டும். நீங்கள் சந்தோஷமாகச் செய்கிறீர்கள் என்பதற்காக, பெருக்குவதும் துலக்குவதும் என்றைக்கும் உங்கள் தலையில்தான் என்று சபை விட்டுவிடக் கூடாது. தாழ்மை என்பது நாமாக எடுத்துக்கொள்வது. அடுத்தவர் நம்மேல் சுமத்துவதற்கு அந்தப் பெயரைக் கொடுக்க வேண்டாம். மேடையில் நிற்பவர் விளக்குமாற்றைத் தொடவே மாட்டார் என்றால், அந்தச் சபை யோவான் 13ஐ வாசித்தும் கேட்கவில்லை என்றுதான் சொல்வேன். உங்கள் சபைப் போதகர் ஐயரிடம் நேரில் பேசுங்கள். சால்வையைப் பற்றிப் பேச வேண்டாம். "முறை போட்டுச் செய்யலாமே, வாலிபப் பையன்களையும் சேர்க்கலாமே" என்று கேளுங்கள். உங்களுக்கும் முழங்கால் வலிக்கிற வயதாகிறது.

உங்கள் கணவர் கேட்டதற்குப் பதில் அப்போஸ்தலர் 9ஆம் அதிகாரத்தில் இருக்கிறது. யோப்பா பட்டணத்தில் தொற்காள் என்ற சீஷி இறந்தபோது விதவைகள் பேதுருவைச் சுற்றி நின்று அழுதார்கள். அவள் செய்துகொடுத்த அங்கிகளையும் வஸ்திரங்களையும் எடுத்துக் காட்டினார்கள். அவள் பிரசங்கம் செய்ததாகவோ பாடியதாகவோ ஒரு வரிகூட அங்கே இல்லை. வாக்குவாதம் வேண்டாம், இரவு ஜெபத்தின்போது அந்தப் பகுதியை அவரையே சத்தமாக வாசிக்கச் சொல்லுங்கள். அப்புறம் ஒருநாள் பாட்டி வீட்டுக்குக் கூட அழைத்துப் போங்கள். நீங்கள் நகம் வெட்டி முடிக்கும்வரை, பாட்டிக்குப் பிடித்த சங்கீதத்தை அவர் வாசிக்கட்டும்.