“வீட்டில் என்ன இருக்கிறது போட்டோ எடுக்க?”

கேள்வி: எனக்கு வயது 54. மயிலாடுதுறை பக்கம் ஒரு தபால் நிலையத்தில் கவுண்டர் வேலை. மகன் புது கேமரா வாங்கியதும் தன் பழைய மிரர்லெஸ் கேமராவை எனக்குக் கொடுத்துவிட்டான். ஆசையாகத்தான் கற்றுக்கொண்டேன். ஆனால் வருஷத்துக்கு ஒரு டூர் போகும்போது மட்டும்தான் அது பீரோவை விட்டு வெளியே வருகிறது. சமீபத்தில் குழுவாக ஹம்பி போய் வந்தோம். ஐநூறு, அறுநூறு படம் எடுத்திருப்பேன். எல்லாமே கடையில் விற்கிற படம் மாதிரி, அதைவிட மங்கலாக இருக்கின்றன. வீட்டில் எடுத்துப் பழகலாம் என்றால் எங்களுடையது பழைய ஓட்டு வீடு, எடுக்க என்ன இருக்கிறது? மாமியார் வேறு “எப்பப் பாரு கண்ணுல அந்தப் பெட்டிதானா” என்கிறார். தூரத்தை இழுத்து எடுக்கும் பெரிய ஜூம் லென்ஸ் வாங்கினால் சரியாகுமா?
– பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்: லென்ஸ் விஷயத்தைக் கடைசியில் பார்ப்போம். முதலில் அந்த ஓட்டு வீடு. அதை வைத்துக்கொண்டு “என்ன இருக்கிறது” என்று கேட்கிறீர்களே!

உச்சி வேளையில் உங்கள் கூடத்தில் ஓட்டு இடுக்கு வழியாக வெயில் விழும் இடத்தைப் பாருங்கள். இடுக்கு கோணல்மாணலாகத்தான் இருக்கும், ஆனால் தரையில் விழுவது வட்டம். அது ஓட்டையின் வடிவம் இல்லை, சூரியனின் படம். இடுக்கு சின்னதாக இருந்தால், உயரத்தை 108 ஆல் வகுத்தால் வட்டத்தின் அகலம் ஏறக்குறையக் கிடைத்துவிடும். ஓட்டிலிருந்து தரை மூன்றேகால் மீட்டர் என்றால் வட்டம் சுமார் 3 சென்டிமீட்டர். வெயில் சாய்ந்து விழுந்தால் அது முட்டை வடிவமாக நீளும். ஒரு வெள்ளைத் தாளை அந்த வெளிச்சத்துக்கு நேராகச் சாய்த்துப் பிடித்தால் மறுபடி வட்டமாகிவிடும். மேகம் கடக்கும் நேரம் பார்த்தால், வட்டத்துக்குள் மேகம் நகர்வதே தெரியும், எதிர்த் திசையில். 2019 டிசம்பர் 26 சூரிய கிரகணத்தன்று உங்கள் தெரு வேப்பமரத்து நிழலில் வெளிச்சப் புள்ளிகள் எல்லாம் பிறை பிறையாகக் கிடந்ததைக் கவனித்திருந்தால், அதுவும் இதே சங்கதிதான். இலைகளுக்கு நடுவிலுள்ள சந்துகள் அன்று அந்த வேலையைச் செய்தன.

இப்போது ஹம்பிக்கு வருவோம். விருபாட்சர் கோயிலில் உங்கள் கைடு ஓர் இருட்டு அறைக்குக் கூட்டிப்போய், சின்னத் துவாரம் வழியாக ராஜகோபுரம் சுவரில் தலைகீழாக விழுவதைக் காட்டியிருப்பார். எல்லோரும் ‘ஆ’ என்று பார்த்துவிட்டு வந்திருப்பீர்கள். உங்கள் கூடத்தில் தினமும் நடப்பது அதேதான். அங்கே கோபுரம், இங்கே சூரியன், அவ்வளவுதான் வித்தியாசம். அங்கே மட்டும் ஏன் கேமரா வெளியே வந்தது? டிக்கெட் எடுத்துப் போனோமே, அதனால்.

உலகில் இன்றைக்கு மிஞ்சியிருக்கும் மிகப் பழைய கேமரா புகைப்படம் எது தெரியுமா? பிரான்ஸில் நீஸெஃபோர் நியெப்ஸ் என்பவர் 1826 அல்லது 1827இல் எடுத்தது. எந்த மாளிகையும் இல்லை, தன் வீட்டு மாடி ஜன்னலிலிருந்து தெரிந்த கூரைகளையும் சுவர்களையும்தான் எடுத்தார். தார் போன்ற ஒரு பொருளைப் பூசிய உலோகத் தகட்டில் படம் பதியப் பல மணி நேரம் ஆனது. அதற்குள் சூரியன் கிழக்கிலிருந்து மேற்கே போய்விட்டதால், அந்தப் படத்தில் எதிரெதிர்ச் சுவர்கள் இரண்டிலும் வெயில் அடிக்கிறது. பின்னால் பிராக் நகரத்தில் யோசெஃப் சூதெக் என்று ஒருவர். முதல் உலகப் போரில் வலது கையை இழந்தவர். ஜெர்மன் ஆக்கிரமிப்புக் காலத்தில் வெளியே கேமராவோடு திரிய முடியாதபோது, தன் ஸ்டூடியோ ஜன்னலையே வருஷக்கணக்கில் எடுத்தார். கண்ணாடியில் பனி படிந்த நாள், மழை வழிந்த நாள், அந்தப் பக்கம் வளைந்து நிற்கும் ஒரு மரம். அவர் பெயரைச் சொன்னதும் இன்றும் பலருக்கு நினைவுக்கு வருவது அந்த ஜன்னல்தான்.

உங்கள் ஹம்பிப் படங்கள் மங்கலானதற்கு கேமரா காரணம் இல்லை என்று நினைக்கிறேன். கூட்டத்தோடு போய், பஸ் நின்ற நேரத்தில் இறங்கி, கைடு நிறுத்திய இடத்தில் நின்று, பெரும்பாலும் பத்து மணிக்கும் மூன்று மணிக்கும் நடுவில் எடுத்திருப்பீர்கள். அந்த நேரத்து வெயிலில் கல் எல்லாம் வெளிறித்தான் தெரியும். செதுக்கலின் மேடு பள்ளம் காட்ட நிழல் வேண்டும், நிழல் நீளக் காலையோ மாலையோ ஆக வேண்டும். இன்னொன்று, விட்டலர் கோயில் கல் தேரை நேர் எதிரே நின்று எடுத்திருப்பீர்கள். அந்தப் படம் 2017இல் வந்த ஐம்பது ரூபாய் நோட்டின் பின்பக்கத்திலேயே இருக்கிறது. உங்கள் கவுண்டரில் தினமும் கைமாறுகிறது. அதையே இன்னொரு முறை எடுத்தால் வேறு எப்படி இருக்கும்?

வீட்டுக்கும் டூருக்கும் உள்ள பெரிய வித்தியாசமாக நான் நினைப்பது இதுதான்: வீட்டில் ஒன்றை மறுபடி பார்க்க முடியும். நேற்று எட்டு மணிக்குக் கிணற்றடிச் சுவரில் வெயில் எங்கே இருந்தது என்று உங்களுக்குத் தெரியும். இன்று ஏழே முக்காலுக்குப் போய் நிற்கலாம். அந்தப் பழக்கம் வந்தவருக்கு வெளியூரிலும் கண் அப்படித்தான் வேலை செய்யும். மதியம் பார்த்த மண்டபத்துக்கு, முடிந்தால் மாலை ஐந்து மணிக்கு மறுபடி நடந்து போவார். முடியாவிட்டாலும், இங்கே எந்தப் பக்கத்திலிருந்து வெயில் வரும் என்ற கணக்காவது மனசில் ஓடும்.

ஆகவே வீட்டில் ஓரிடத்தைப் பிடித்துக்கொள்ளுங்கள். முற்றமோ, திண்ணையோ, வடக்குப் பார்த்த ஜன்னலோ. வடக்கு ஜன்னலில் வெயிலே வராது என்பார்கள். நம் ஊரில் அது பாதி உண்மை. மயிலாடுதுறையில் ஏப்ரல் 20 வாக்கில் சூரியன் நேர் உச்சிக்கு வரும், ஆகஸ்ட் 23 வாக்கில் இன்னொரு முறை. நடுவில் உள்ள நாலு மாதமும் நண்பகல் சூரியன் உங்கள் தலைக்கு வடக்கே இருக்கும். ஜூன் மாதத்தில் காலையிலும் மாலையிலும் அந்த வடக்கு ஜன்னல் வழியாகச் சாய்வாக வெயில் உள்ளே வரும். டிசம்பரில் அதே வெயில் தெற்குப் பக்கம் போய்விடும். ஒரு வருஷம் ஒரே ஜன்னலை எடுத்தாலே ஒரு படம் போல இன்னொன்று இருக்காது.

வெள்ளிக்கிழமை சாம்பிராணி போடுகிற வழக்கம் இருந்தால் இன்னும் வசதி. ஓட்டு இடுக்கிலிருந்து இறங்கும் வெளிச்சம், புகை பட்டதும் முழுசாகத் தெரியும். அப்போது கேமராவை அதன் போக்கில் விட்டால் இருட்டறையை வெளிச்சமாக்கப் பார்த்து, கற்றையை வெளுத்துவிடும். எக்ஸ்போஷர் காம்பன்சேஷன் என்று ஒரு பொத்தான் இருக்குமே, பிளஸ் மைனஸ் போட்டது, அதை மைனஸ் ஒன்றோ ஒன்றரையோ வைத்துப் பாருங்கள். வெள்ளைப் பொருளுக்கு இது தலைகீழ். தட்டு நிறைய இட்லியை எடுத்தால் சாம்பல் நிறமாக வரும், ஏனென்றால் கேமராவில் வெளிச்சத்தை அளக்கும் மீட்டர் எதைப் பார்த்தாலும் நடுத்தரச் சாம்பலாக்கப் பார்க்கும். அங்கே பிளஸ் ஒன்று.

மாமியார் விஷயம். அவர் சொல்வதில் நியாயம் இருக்கிறது. கேட்காமல், தூங்கும்போது, தலை கலைந்திருக்கும்போது எடுத்தால் யாருக்குத்தான் கோபம் வராது? முகத்தை விடுங்கள். அவர் முருங்கைக்கீரை உருவும்போது கையை மட்டும் எடுக்கட்டுமா என்று கேளுங்கள். எடுத்ததை கேமரா திரையில் காட்டி நிறுத்திவிடாமல், ஒன்றை மட்டும் தேர்ந்தெடுத்து ஸ்டூடியோவில் நாலுக்கு ஆறு அளவில் பிரிண்ட் போட்டு அவர் கையில் கொடுங்கள். டூரில் எதிர்ப்படும் பூக்காரம்மா, பஸ் ஸ்டாண்டு டீக்கடைக்காரர் எல்லோருக்கும் இதே மரியாதைதான். கேட்டு எடுங்கள். வேண்டாம் என்றால் சிரித்துவிட்டு நகர்ந்துவிடுங்கள்.

ரயிலில் போகும்போது ஒரு சின்ன விஷயம். ஷட்டர் வேகம் நொடியில் ஆயிரத்தில் ஒரு பங்காவது வையுங்கள். தண்டவாளத்துக்குப் பக்கத்துக் கம்பம் அப்போதும் கலங்கலாம், தூரத்து வயலும் பனைவரிசையும் கலங்காது. வெயில் விழாத பக்கத்து ஜன்னல் கிடைத்தால் நல்லது. ஏ.சி. பெட்டி என்றால் லென்ஸைக் கண்ணாடியோடு ஒட்டி வையுங்கள், உள் விளக்கின் பிரதிபலிப்பு விழாது. ஸ்லீப்பர் என்றால் கேமரா வாரை மணிக்கட்டில் இரண்டு சுற்று சுற்றிக்கொண்டு அப்புறம் ஜன்னல் கம்பிக்குப் பக்கத்தில் கொண்டுபோங்கள்.

மகன் கொடுத்த கேமராவில் தேதியும் நேரமும் சரியாக இருக்கிறதா என்று உடனே பாருங்கள். கைமாறி வந்த கேமராக்களில் இது பெரும்பாலும் தப்பாகவே கிடக்கும், வெயில் கணக்கு போட அந்த நேரம்தான் வேண்டும்.

சரி, லென்ஸ். படங்களைக் கம்ப்யூட்டரில் போட்டு ஃபைல் விவரத்தைத் திறந்தால், ஒவ்வொன்றும் லென்ஸை எத்தனை மில்லிமீட்டரில் வைத்து எடுத்தது என்று இருக்கும். எண் சின்னது என்றால் அகலமான காட்சி, பெரியது என்றால் தூரத்தை இழுத்து எடுத்தது. ஹம்பிப் படங்களை அப்படிப் பாருங்கள். பெரும்பாலானவை 16, 18 என்று அகலப் பக்கத்திலேயே இருந்தால், இருக்கிற லென்ஸின் இழுக்கும் பக்கத்தையே நீங்கள் இன்னும் பயன்படுத்தவில்லை என்று அர்த்தம். பெரிய ஜூம் வாங்கினாலும் பீரோவுக்குத்தான் போகும். இழுக்கும் பக்கத்துக் கடைசி எண்ணையே, 50 என்றால் 50ஐயே, திரும்பத் திரும்பத் தொட்டு, போதவில்லை என்று நின்றிருந்தால் வாங்குங்கள். முதல் வகை என்றால் அந்தப் பணத்தில் நவம்பர், டிசம்பர் வாக்கில் ஹம்பிக்கே இன்னொரு முறை போய் வரலாம். இந்த முறை குழு வேண்டாம். ஹோசபேட்டேவில் அறை எடுத்தால் ஹம்பி 13 கிலோமீட்டர்தான், காலையிலும் மாலையிலும் நீங்கள் நினைத்த நேரத்துக்குப் போகலாம். மாமியாரைக் கூட்டிப்போவதா இல்லையா என்பது உங்கள் வீட்டு விவகாரம், அதில் நான் தலையிடமாட்டேன்.