அழுத்திய படம் எங்கே போகிறது?

கேள்வி: லேப்டாப்பில் 'பிரிண்ட் ஸ்கிரீன்' கீயை அழுத்தினால் எதுவுமே நடப்பதில்லை. கீ பழுதாகிவிட்டதா? (வாசகி, தேனி)

பதில்: பெரும்பாலும் கீயில் கோளாறு இருக்காது. விண்டோஸ் 10-ல் அந்தக் கீ திரையைப் படம் எடுத்து, சத்தமில்லாமல் கிளிப்போர்டில் (காப்பி செய்தவை தற்காலிகமாகத் தங்கும் இடம்) வைத்துவிடும். ஃபைலாக சேவ் செய்யாது. பெயின்ட்டைத் திறந்து கண்ட்ரோல் + வி அழுத்திப் பாருங்கள். படம் வந்து விழுந்தால் கீ நன்றாகவே இருக்கிறது. இடையில் வேறெதையாவது காப்பி செய்திருந்தால் முந்தைய படத்தின் இடத்தை அது பிடித்துக்கொண்டிருக்கும். இந்தத் தொல்லைக்கு விண்டோஸ் + வி நல்ல மருந்து. ஒருமுறை அதை ஆன் செய்துவிட்டால், அதற்குப் பிறகு காப்பி செய்பவற்றில் கடைசி 25 வரிசையாகக் கிடைக்கும். ரீஸ்டார்ட் செய்தால், அந்த வரிசையில் 'பின்' (pin) பட்டனை அழுத்தி நிறுத்தி வைக்காதவை போய்விடும்.

பேஸ்ட் செய்தும் படம் வரவில்லையா? கீயின் மேல் அச்சிட்டிருப்பதை உற்றுப் பாருங்கள். பல லேப்டாப்களில் இடம் போதாமல் 'இன்சர்ட்' போன்ற இன்னொரு வேலையையும் அதே கீயில் சேர்த்திருப்பார்கள். அப்படியிருந்தால் எஃப்என் கீயைப் பிடித்துக்கொண்டு அழுத்த வேண்டும்.

எங்களைக் கேட்டால், விண்டோஸ் + பிரிண்ட் ஸ்கிரீனையே பழக்கமாக்கிக்கொள்ளுங்கள். திரை ஒரு கணம் மங்கித் தெளியும். பிக்சர்ஸ் ஃபோல்டருக்குள் 'ஸ்கிரீன்ஷாட்ஸ்' என்ற ஃபோல்டரில் படம் பிஎன்ஜி ஃபைலாக இருக்கும். அங்கே காணோம் என்றால் ஒன்டிரைவுக்குள் (மைக்ரோசாஃப்டின் ஆன்லைன் சேமிப்பிடம்) இருக்கும் பிக்சர்ஸில் தேடுங்கள். பேக்கப் ஆனில் இருந்தால் அங்கேதான் போகும். திரையில் ஒரு பகுதி மட்டும் போதுமென்றால் விண்டோஸ் + ஷிஃப்ட் + எஸ்.

கேள்வி: மெனு விரிந்த நிலையில் படம் வேண்டும். விண்டோஸில் திரையைப் படமெடுக்கும் ஸ்னிப்பிங் டூலைத் தொட்டதுமே மெனு மூடிக்கொள்கிறது.

பதில்: வேறோர் இடத்தில் கிளிக் செய்தால் மெனு மூடிக்கொள்வது இயல்புதான். ஸ்னிப்பிங் டூலில் கடிகாரப் படம் போட்ட பட்டன் இருக்கிறது. அதில் 5 விநாடியைத் தேர்ந்து 'நியூ' அழுத்துங்கள். அந்த 5 விநாடிக்குள் மெனுவை விரித்துவிட்டு மவுஸை அசைக்காமல் இருங்கள். திரை அப்படியே உறைந்து நிற்கும். வேண்டிய பகுதியைச் சுற்றி இழுத்தால் போதும்.

கேள்வி: மேக்புக்கில்?

பதில்: கமாண்ட் + ஷிஃப்ட் + 3 முழுத்திரை, 4 ஒரு பகுதி. 4 அழுத்தியபின் ஸ்பேஸ் பாரைத் தட்டினால் மவுஸ் கேமராவாக மாறும். எந்த விண்டோவைக் கிளிக் செய்கிறீர்களோ அது மட்டும் பதிவாகும். படம் வழக்கமாக டெஸ்க்டாப்பிலேயே கிடக்கும்.

கேள்வி: பணம் அனுப்பிய ரசீதில் கணக்கு எண்ணைக் கறுப்பு மார்க்கரால் அடித்து வாட்ஸ்ஆப்பில் அனுப்புகிறேன். போதுமா?

பதில்: மார்க்கரைப் பொறுத்தது. ஹைலைட்டர் வகையின் நிறம் கண்ணாடித்தாள் மாதிரி. நம் கண்ணுக்கு எண் மறைந்ததாகத் தெரியும். போட்டோ எடிட்டரில் வெளிச்சத்தையும் கான்ட்ராஸ்டையும் கூட்டினால் இலக்கங்கள் மேலெழுந்து வந்துவிடும். பெயின்ட்டில் செவ்வகத்தைத் தேர்ந்து, உள்நிறத்துக்கு 'சாலிட் கலர்' வைத்து எண்ணின் மேல் போட்டு சேவ் செய்யுங்கள். அடியில் இருந்த எண் படத்திலிருந்தே அழிந்துவிடும்.

வெட்டி அனுப்புபவர்களும் ஒன்றைக் கவனிக்க வேண்டும். விண்டோஸ் 11-ன் ஸ்னிப்பிங் டூலில் ஒரு பிழை இருந்தது: படத்தை வெட்டி அதே ஃபைலின் மேல் சேவ் செய்தால், வெட்டிய பகுதியின் மிச்சம் ஃபைலின் வாலில் தங்கிவிடும். 2023 மார்ச்சில் மைக்ரோசாஃப்ட் இதைச் சரிசெய்தது. ஆனால் அதற்கு முன் வெட்டி வைத்த ஃபைல்கள் தாமாகத் திருந்திவிடாது. அவற்றை அப்படியே அனுப்பிவிடாதீர்கள்; பெயின்ட்டில் திறந்து வேறு பெயரில் சேவ் செய்து, அந்தப் புது ஃபைலை அனுப்புங்கள்.