மயக்கத்துக்கு முன் கழுத்தில் ஏன் ஸ்கேன்?

கே: அம்மாவுக்குத் தைராய்டு கட்டி ஆபரேஷன். கட்டிக்கு முன்பே ஸ்கேன் எடுத்தாகிவிட்டது. முதல் நாள் மாலை மயக்க மருந்து டாக்டர் வந்து மறுபடியும் கழுத்தில் ஸ்கேன் வைத்துப் பார்த்தார். ஏதும் பயப்படும்படி இருக்குமா?
– வாசகி, தேனி

ப: பயம் வேண்டாம். முதல் ஸ்கேன் கட்டியைப் பார்த்தது. இந்த அல்ட்ராசவுண்ட் (ஒலி அலை) ஸ்கேன் மூச்சு போகும் வழியைப் பார்ப்பது. முழு மயக்கத்தில் நோயாளியின் மூச்சு நின்றுவிடும். குரல்நாண்களுக்கு நடுவே டியூப் போட்டு நாம்தான் மூச்சு கொடுக்க வேண்டும். அது யாருக்குச் சிரமம் என்று முன்பே தெரிந்தால் குரல்வளையைத் திரையில் காட்டும் வீடியோ லாரிங்கோஸ்கோப்பைத் தயாராக வைக்கலாம். விழித்திருக்கும்போதே தொண்டையை மரக்கச் செய்து ஃபைபர் ஆப்டிக் கருவியால் டியூப் போடலாம். கட்டி மூச்சுக்குழாயை எந்தப் பக்கம் தள்ளுகிறது என்பதும் இதில் தெரியும். ஆனால் கட்டி நெஞ்செலும்புக்குப் பின்னால் இறங்கியிருந்தால் தெரியாது; எலும்பைத் தாண்டி இந்த ஒலி போகாது. அதற்கு சி.டி. வேண்டும்.

ஆடும் பல்லும், புகையிலை பாக்கு போட்டு இறுகிய வாயும் கழுத்து ஸ்கேனில் அகப்படாது. வாயைத் திறந்தால் மூன்று விரல் நுழைகிறதா என்று பார்க்கும் பழைய சோதனையை விடவே கூடாது. அம்மாவுக்கு அந்தப் பழக்கம் இருந்தால் மறைக்காமல் சொல்லிவிடுங்கள்.

கே: மயக்கவியல் முதுநிலை மாணவன் நான். டியூப் போடச் சிரமமாகுமா என்று அறிய, ஸ்கேனில் தோலிலிருந்து எபிகிளாட்டிஸ் (குரல்வளை மூடி) வரை அளந்ததில், ஒரே நோயாளிக்கு எனக்கு 1.9 செ.மீ. வந்தது, சக மாணவருக்கு 2.3. எது சரி? எத்தனைக்கு மேல் போனால் சிரமம்?
– வாசகர், மதுரை

ப: இரண்டுமே தவறாக இருக்கலாம். முதலில் கை அழுத்தத்தைச் சந்தேகப்படுங்கள். கழுத்தின் முன்பக்கச் சதை மெத்தென்றது. புரோபை (தோல் மேல் வைக்கும் ஸ்கேன் முனை) சற்று அழுத்தினாலே சில மி.மீ. குறைந்துவிடும். ஜெல்லைத் தாராளமாகப் போட்டு, படத்தின் மேல் ஓரத்தில் மெல்லிய கறுப்புப் பட்டை தெரியும் அளவுக்கு லேசாகப் பிடியுங்கள். அளவைத் தோலிலிருந்து தொடங்குங்கள், அந்தப் பட்டையைச் சேர்க்காதீர்கள். உங்களுக்குக் குறைந்ததற்கு அழுத்தமும் அவருக்குக் கூடியதற்கு ஜெல்லும் காரணமாக இருக்கலாம்.

நோயாளி மல்லாந்து, தலை நேராக, வாய் மூடி, பேசாமல் விழுங்காமல் இருக்கட்டும். 7 முதல் 15 மெகாஹெர்ட்ஸ் வரையிலான நேர்முனை புரோபைக் குறுக்காக வைத்து, நாக்கின் அடியிலுள்ள ஹயாய்டு எலும்புக்கும் குரல்வளையின் முன்பக்கத் தைராய்டு குருத்தெலும்புக்கும் இடையே நகர்த்துங்கள். எபிகிளாட்டிஸ் வளைந்த கறுப்புக் கோடாக வரும். அதன் முன்னால் சாம்பல் நிறக் கொழுப்பு, பின்னால் காற்று தொடும் இடத்தில் பளிச்சென்ற வெள்ளைக் கோடு. சந்தேகமானால் நாக்கை நீட்டச் சொல்லுங்கள், அசைவது அதுதான். பிறகு நாக்கை உள்ளே இழுக்கச் சொல்லி, நடுக்கோட்டில் மூன்று முறை அளந்து சராசரி எடுங்கள். புரோப் சாய்ந்தால் அளவு கூடிவிடும்.

எல்லை அளவு ஒன்றே ஒன்று என்று கிடையாது. சில ஆய்வுகளில் அது 2 செ.மீ.யைச் சற்றுத் தாண்டியதுமே வந்துவிடுகிறது; 2016இல் போர்ச்சுகலில் வந்த ஆய்வில் 2.75. குரல்நாண் மட்டத்தில் தோலுக்குக் கீழுள்ள சதையின் அளவும் இப்படித்தான். 2003இல் எஸ்ரி என்ற ஆய்வாளரின் குழு, உடல் பருமனானவர்களில் லாரிங்கோஸ்கோப்பால் குரல்வளையைப் பார்க்கச் சிரமமானவர்களுக்குச் சராசரி 28 மி.மீ., மற்றவர்களுக்கு 17.5 என்று எழுதியது. 2007இல் கொமாட்சு என்ற ஆய்வாளரின் குழு அளந்தபோது அந்தத் தொடர்பு கிடைக்கவில்லை. அதனால் ஒற்றை எண்ணை நம்பி முடிவெடுக்காதீர்கள். முகவாய்க்கும் ஹயாய்டுக்கும் உள்ள தூரத்தை வளைமுனை புரோபால் தலை நேராக இருக்கும்போதும், முழுக்கப் பின்னால் சாய்த்தும் அளந்து வகுத்துப் பாருங்கள். 4.5 செ.மீ. 5.5 ஆனால் விகிதம் 1.22, கழுத்து நன்றாகப் பின்னால் சாய்கிறது. 4.9தான் வந்தால் 1.09, எச்சரிக்கையாக இருங்கள். எபிகிளாட்டிஸ் அளவும் கூடி, வாயைத் திறந்தால் தொண்டை எவ்வளவு தெரிகிறது என்று சொல்லும் மல்லம்பட்டி தரமும் 3 அல்லது 4 என்றால், அவரை எளிய கேஸ் என்று எண்ணி மயக்கம் கொடுக்க வேண்டாம்.

கே: 110 கிலோ எடையுள்ள தாய்க்கு சிசேரியனுக்கு முன், கழுத்தில் மார்க்கர் பேனாவால் கோடு போட்டார்கள். நான் தியேட்டர் நர்ஸ். அது எதற்கு?
– வாசகி, திருநெல்வேலி

ப: கழுத்து ஸ்கேனில் எங்களுக்கு மிக உறுதியான நம்பிக்கை உள்ள பயன் இதுதான். டியூப்பும் போகவில்லை, மாஸ்க்கிலும் காற்று போகவில்லை என்றால், தைராய்டு குருத்தெலும்புக்கும் அதன் கீழுள்ள கிரிக்காய்டு குருத்தெலும்புக்கும் இடையிலான கிரிக்கோதைராய்டு சவ்வைக் கீறித்தான் உயிரைக் காக்க வேண்டும். பருமனான பெண்களுக்கு அந்தச் சவ்வைக் கைவிரலால் தடவிக் கண்டுபிடிப்பதில் பெரும்பாலும் தவறு நேர்கிறது. புரோபைக் குறுக்காக வைத்தால் முதலில் முக்கோணமாகத் தைராய்டு குருத்தெலும்பு, கீழே இறங்கினால் வெள்ளைக் காற்றுக்கோடு, இன்னும் இறங்கினால் குதிரை லாட வடிவில் கறுப்பான கிரிக்காய்டு தெரியும். மறுபடி மேலேறி, வெள்ளைக் கோடு வரும் இடத்தில் குறியிட வேண்டும். அந்த இடம்தான் சவ்வு. கழுத்தைப் பின்னால் சாய்த்து வைத்துக்கொண்டே குறியிட வேண்டும். அவசரத்தில் கீறும்போதும் கழுத்து அப்படித்தான் இருக்கும், நேராக வைத்துப் போட்ட கோடு சாய்த்ததும் விலகிவிடும். மூச்சு திணறத் தொடங்கிய பிறகு ஸ்கேனைத் தேடப் போவது உதவாது. கோடு போட்டிருப்பதைப் பார்த்தால் 10ஆம் எண் கத்தி, பூஜி (டியூப்புக்கு வழிகாட்டும் மெல்லிய கம்பி), 6 மி.மீ. கஃப் டியூப் (காற்று ஊதும் பலூன் உள்ளது) மூன்றையும் எட்டும் தூரத்தில் எடுத்து வையுங்கள்.

கே: எங்கள் மருத்துவமனை ஸ்கேன் இயந்திரத்தைப் பக்கத்து நர்ஸிங் ஹோமுக்கு இதற்காக எடுத்துப்போகலாமா?
– வாசகர், கரூர்

ப: கூடாது. பாலினத் தேர்வைத் தடுக்கும் 1994ஆம் ஆண்டுச் சட்டத்தின் விதிகளின்படி, கையில் தூக்கிச் செல்லும் இயந்திரமானாலும் பதிவான வளாகத்துக்குள்தான் பயன்படுத்த வேண்டும். கழுத்தைப் பார்க்கத்தான் என்றாலும் விலக்கு கிடையாது. அந்த நர்ஸிங் ஹோம் தன் பெயரில் பதிவு செய்த இயந்திரத்தை வைத்துக்கொள்ள வேண்டும்.