உள்ளது உள்ளபடி

அன்புள்ள ஆசிரியருக்கு,

சார்பதிவாளர் அலுவலகத்தில் எழுத்தராக இருந்து ஓய்வு பெற்றவன். லண்டனில் இருக்கும் என் மகள் ஃப்ரீபிஎம்டி என்ற திட்டத்தைக் காட்டினாள். இங்கிலாந்து, வேல்ஸ் நாடுகளின் பழைய பிறப்பு, திருமண, இறப்பு அட்டவணைகளைத் தன்னார்வலர்கள் கணினியில் ஏற்றுகிறார்கள். நானும் சேர்ந்து சில பக்கங்கள் முடித்தேன். செத்துப்போன வெள்ளைக்காரன் பெயரைக் காசு வாங்காமல் எழுதுவதா என்று வீட்டில் சிரிக்கிறார்கள். இதனால் யாருக்கு லாபம்? இன்னொரு சங்கடம்: ஓரிடத்தில் 'வில்லியம்' என்ற பெயரில் ஓர் எழுத்து விட்டுப்போயிருக்கிறது. திருத்தக்கூடாது என்கிறார்கள். தெரிந்தே தப்பாக எழுத எனக்குக் கை வரவில்லை.

கே.ஆர்., கும்பகோணம்

அன்புள்ள கே.ஆர். அவர்களுக்கு,

சங்கடத்தை முதலில் தீர்த்துவிடுவோம். பத்திர நகல் கேட்டு வந்தவருக்கு, மூலத்தில் இருந்த பிழையைத் திருத்தியா நகல் கொடுத்தீர்கள்? கொடுத்திருந்தால் வேலை போயிருக்கும். இங்கேயும் அதே சட்டம்தான்.

அங்கே அரசுப் பதிவு தொடங்கியது 1837 ஜூலை 1-ம் தேதி. உள்ளூர்ப் பதிவாளர் எழுதியதன் நகல் மூன்று மாதத்துக்கு ஒருமுறை லண்டனுக்குப் போகும். அங்குள்ள எழுத்தர்கள் அதைப் பார்த்து அட்டவணை போடுவார்கள். ஆக, உங்கள் கைக்கு வருவதே நகலின் வழியாக வந்த அட்டவணை. எழுத்தை விட்டது யார்? உள்ளூர்க்காரரா, லண்டன்காரரா? பெற்றவரே அப்படித்தான் சொன்னாரா? அந்தப் பக்கத்தை மட்டும் வைத்துக்கொண்டு தீர்ப்புச் சொல்ல முடியாது. உங்களைப் போலவே இன்னொருவர் அதே பக்கத்தைத் தனியாகத் தட்டச்சு செய்வார். இரண்டும் ஒத்துப்போனால் அந்தப் பதிவுக்கு நம்பகம் கூடும். ஆளுக்கொரு திருத்தம் செய்தால் அந்த ஏற்பாடே வீண். எழுத்து புரியாத இடத்தில் ஊகிக்காமல், அந்த எழுத்துக்குப் பதிலாக ஓர் அடிக்கோடு (_) போட்டுவிட்டு நகருங்கள்.

லாபம் யாருக்கு என்று கேட்டீர்கள். திருமண அட்டவணையை எடுத்துக்கொள்ளுங்கள். 1912-க்கு முந்தைய அட்டவணையில் மணமகன் பெயர் அவருடைய குடும்பப் பெயரின் கீழே இருக்கும், மணமகள் பெயர் வேறெங்கோ இருக்கும். இவருக்கு இவர் ஜோடி என்று எங்கேயும் எழுதியிருக்காது. இருவருக்கும் பொதுவாக இருப்பவை காலாண்டு, மாவட்டம், தொகுதி எண், பக்க எண், அவ்வளவே. தாத்தாவின் பெயர் மட்டும் தெரிந்த பேரன், பாட்டியைக் கண்டுபிடிக்க அத்தனை தொகுதிகளையுமா புரட்டுவான்? வில்லங்கம் பார்க்கப் பெயர்வழி அட்டவணை, சொத்துவழி அட்டவணை இரண்டையும் புரட்டியவர் நீங்கள். லண்டன் அட்டவணையில் பெயர்வழி மட்டும்தான் உண்டு. தன்னார்வலர்கள் வரிவரியாக ஏற்றிய பிறகே பக்கவழியாகவும் தேட முடிகிறது. ஒரே பக்க எண்ணில் உள்ள பெயர்கள் சேர்ந்து வந்து நிற்கும். ஒரு கை விரலுக்குள் அடங்கும் ஜோடிகள்தான். அவற்றில் ஒருத்திதான் பாட்டி.

இதனால் நான் பெயர்களைவிட எண்களுக்குத்தான் அதிகம் பயப்படுவேன். பெயரில் ஓர் எழுத்து மாறினாலும் தேடுபவர் சுற்றி வளைத்துப் பிடித்துவிடுவார். பக்க எண்ணில் 3 என்பது 8 ஆகிவிட்டால் அந்தப் பெண் வேறொருவர் கல்யாணத்தில் போய் நிற்பாள்.

காசு விஷயத்துக்கு என் அளவுகோல் எளிது: உங்கள் உழைப்பின் பலனைப் பிறகு காசில்லாமல் தேட முடிகிறதா? ஃப்ரீபிஎம்டியில் முடிகிறது. தன்னார்வலரிடம் இலவசமாக வாங்கிச் சந்தாவுக்குப் பின்னால் மட்டுமே வைத்துப் பூட்டுகிற இடமாக இருந்தால் எட்டிக்கூடப் பார்க்காதீர்கள்.

நம் ஊர்ப் பக்கமாக ஏதாவது செய்ய ஆசையிருந்தால் ஃபிபிஸ் என்ற அமைப்பு இருக்கிறது; பிரிட்டிஷ் இந்தியாவில் வாழ்ந்த குடும்பங்களைத் தேடுவோருக்காக 1998-ல் தொடங்கியது. சென்னை மாகாணத்துத் தேவாலயங்களின் ஞானஸ்நான, திருமண, அடக்கப் பதிவுகளின் நகல்கள் லண்டன் பிரிட்டிஷ் நூலகத்தில் 'என்/2' என்ற வரிசையில் இருக்கின்றன. இந்த மாதிரிப் பதிவுகளை அவர்களும் தன்னார்வலர்களைக் கொண்டே ஏற்றுகிறார்கள். பூந்தமல்லியும் பல்லாவரமும் பரங்கிமலையும் அன்றைய ஆங்கில எழுத்துக்கூட்டலில், கிறுக்கல் கையெழுத்தில் வரும்போது அங்குள்ளவர் திணறுவார். நீங்கள் திணற மாட்டீர்கள். மகளிடம் சொல்லி அதிலும் பெயர் கொடுத்துவையுங்கள்.